படகு ட்ரெய்லரோடு மெனோரா ஏற்றத்தில் வெப்ப முள் ஏறுகிறது: ரேடியேட்டரை மாற்றுவதுதான் வழியா?

தோமான் தூண்டில் எழுதியது:

வணக்கம். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக விவரத்தை முழுதாகவே தருகிறேன்.

வண்டி டொயோட்டா பிராடோ 150, 2.7 பெட்ரோல், 2012 மாடல், சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) புதுப்பித்தது. நாலு வேக ஆட்டோ கியர். ஓட்டம் 168,000 கி.மீ. இழுப்பது 16 அடி ஃபைபர் படகு, 60 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். எடை மேடையில் ஏற்றிப் பார்த்ததில் ட்ரெய்லரோடு சேர்த்து 1,150 கிலோ. நாலு பேர், சாமான், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து வண்டி 2,450 கிலோ.

பாதை: துவாஸ் வழியாக மலேசியாவுக்குக் கடந்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலகங்சார் வரை, அங்கிருந்து லெங்கோங், கிரிக், கடைசியில் பண்டிங் ஏரி.

சமவெளியில் 90இல் போனால் முள் பாதியிலேயே நிற்கிறது. ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும்போது, லாரிகளுக்குப் பின்னால் 60இல் போனால், முள் முக்கால் வரை ஏறிவிடுகிறது. சுரங்கம் தாண்டி இறக்கம் தொடங்கியதும் மூன்று நாலு நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். கிரிக் தாண்டி பண்டிங் போகும் மேடுகளில் மறுபடி அதே கதை. கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் ரேடியேட்டர் தண்ணீர்) குறையவில்லை. ரிசர்வ் டேங்க்கில் மட்டம் கொஞ்சம் ஏறி, ஆறிய பிறகு பழையபடி இறங்குகிறது. ட்ரெய்லர் இல்லாமல் கெந்திங் மலை ஏறினால் ஒன்றும் ஆவதில்லை. இங்கே சிங்கப்பூரில் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் மணிக்கணக்கில் நின்றாலும் ஒன்றும் ஆவதில்லை. ஏர்கான் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு ஒர்க்ஷாப்பில் மூன்று வரிசை ரேடியேட்டர் போடச் சொன்னார்கள், தெர்மோஸ்டாட்டையும் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றிவிடலாம் என்றார்கள். இது சரிதானா? காரணத்தை எப்படி உறுதி செய்வது? பெட்ரோல் ரகம் காரணமாக இருக்குமா? முள் எங்கே வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும்?


காக்கி புக்கிட் ஸ்பேனர் எழுதியது:

அண்ணே, தெர்மோஸ்டாட்டில் கை வைக்க விடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதைக் கழற்றினால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், இன்ஜின் குளிரும் என்பது ரொம்ப நாளாகச் சொல்லப்படும் தப்பான கணக்கு. தெர்மோஸ்டாட்டின் அடியில் பைபாஸை (ரேடியேட்டரைத் தொடாத குறுக்கு வழியை) மூடும் தட்டு இருக்கும் வகைகளில், சூடானதும் அந்தத் தட்டு இறங்கி பைபாஸ் துளையை அடைக்கும். அப்போதுதான் எல்லாத் தண்ணீரும் ரேடியேட்டர் வழியாகப் போகும். கழற்றிவிட்டால் துளை எப்போதும் திறந்தே கிடக்கும், பாதித் தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமலே இன்ஜினைச் சுற்றும், ஏற்றத்தில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். சமவெளியிலோ நேர்மாறு: இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும், தேய்மானம் கூடும். உங்கள் தெர்மோஸ்டாட் 80லிருந்து 84 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கழற்றி, சட்டியில் தண்ணீர் வைத்து, வெப்பமானியோடு காய்ச்சிப் பாருங்கள். 95 வரும்போது 8 மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருந்தால் அது நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது நீங்கள் சொன்ன அறிகுறிக்கு வருவோம். கூலன்ட் குறையவில்லை, ஆறியதும் ரிசர்வ் டேங்க்கிலிருந்து தண்ணீர் திரும்பிப் போகிறது. அப்படியென்றால் ரேடியேட்டர் மூடியின் இரண்டு வால்வும் வேலை செய்கின்றன, எங்கும் ஒழுக்கு இல்லை. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருந்தால் ஒவ்வொரு பயணத்திலும் டேங்க்குக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். உங்களுக்கு அது இல்லை. 90இல் ஓடும்போது முள் அசையவில்லை, அதாவது காற்று தானாக அடித்தால் ரேடியேட்டர் சூட்டைக் கழிக்கிறது. மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது மட்டும் கழிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் காற்றை இழுக்க வேண்டியது ஃபேன்.

என் சந்தேகம் ஃபேன் கிளட்ச் மேல்தான், அதாவது சூடு ஏறும்போது உள்ளே இருக்கும் சிலிகான் எண்ணெயால் ஃபேனை இன்ஜினோடு இறுக்கிச் சுற்ற வைக்கும் பாகம். நெரிசலில் நின்றபோது ஒன்றும் ஆகவில்லையே என்று அதை விட்டுவிடாதீர்கள். சும்மா நிற்கிற இன்ஜின் உண்டாக்கும் சூடு ரொம்பக் குறைவு, அரை உயிரோடு இருக்கும் கிளட்ச் கூட அதைச் சமாளித்துவிடும்.

சோதிப்பது இப்படி. வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, நல்ல சூட்டோடு நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல கிளட்ச் என்றால் தேனுக்குள் சுற்றுவது போல இழுத்து, ஒரு சுற்றுக்குள் நின்றுவிடும். நாலைந்து சுற்று ஓடினால் உள்ளே சிலிகான் எண்ணெய் இல்லை என்று அர்த்தம். கிளட்ச்சின் முன்முகத்தில், சுருள் ஸ்பிரிங்கைச் சுற்றி, தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இறகுகளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது எதையாவது செருகி நிறுத்திப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம், இறகு உடைந்து ரேடியேட்டருக்குள் போகும், இல்லாவிட்டால் கையில் பாயும்.

இன்னொரு அடையாளம் உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும், முதல் ஒரு நிமிடம் லாரி மாதிரி 'ஹோ' என்று ஒரு இரைச்சல் வந்து பிறகு அடங்கும். அந்தச் சத்தம் எப்போதுமே வருவதில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது.

சிங்கப்பூரில் சோதிக்க ஏற்றம் கிடையாது, புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். அதனால் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, கிரில்லின் முன்னால் ரேடியேட்டரின் முக்கால் பாகத்தை மறையுங்கள். இன்ஜினை நிமிடத்துக்கு 2,000 சுற்றில் பிடித்து, ஓபிடி கருவியில் (வண்டியின் கம்ப்யூட்டர் அளவுகளைப் போனில் காட்டும் செருகி) தண்ணீர் வெப்பத்தைப் பாருங்கள். 95ஐத் தாண்டும்போது ஃபேன் சத்தம் தெளிவாகக் கூட வேண்டும். 105 வந்தும் சத்தம் மாறவில்லை என்றால் அட்டையை எடுத்துவிட்டு இன்ஜினை ஐடிலில் ஆற விடுங்கள். கிளட்ச் போய்விட்டது.

அந்த ஓபிடி கருவியைக் கண்டிப்பாக வாங்குங்கள். டொயோட்டா முள்ளை நம்பி மலை ஏறக் கூடாது. 80க்குச் சற்று மேல் போனதும் நடுவில் வந்து நின்றுகொள்ளும், 100 தாண்டினாலும் அசையாது. அது அசையத் தொடங்கும்போது நீங்கள் ஏற்கெனவே தாமதம். ஐபோன் என்றால் வைஃபை வகையோ குறைந்த ஆற்றல் புளூடூத் வகையோ வாங்க வேண்டும், சாதாரண புளூடூத் கருவி அதோடு பேசாது.


வெப்பக்கணக்கு எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கிளட்ச் மட்டும் குற்றவாளி என்று முடிவுகட்டும் முன் ஏற்றத்தில் இன்ஜின் என்ன பாடுபடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஓட்டும் முறையும் இதில் பாதிப் பங்கு வகிக்கிறது.

மொத்த எடை 3,600 கிலோ. ஏற்றம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயர்வு. புவியீர்ப்பை எதிர்த்து இழுக்க மட்டும் சுமார் 2,100 நியூட்டன். டயர் உருளும் தடை 530, காற்றுத் தடை 250. கூட்டினால் 2,900 நியூட்டனை நெருங்குகிறது. 60 கி.மீ. வேகத்தில் அது சக்கரத்தில் 48 கிலோவாட். கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்தால் இன்ஜின் 55 கிலோவாட் தர வேண்டும். ட்ரெய்லர் இல்லாமல் சமவெளியில் அதே 60இல் போக 10 கிலோவாட் போதும். பெட்ரோல் இன்ஜினில் தண்டுக்குப் போகும் ஆற்றல் எவ்வளவோ ஏறக்குறைய அதே அளவு சூடு தண்ணீருக்கும் போகிறது. ஆக ரேடியேட்டரின் வேலை ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது, காற்றோ 60 கி.மீ. வேகத்துக்கு உரிய காற்றுதான்.

அதே ஏற்றத்தில் 80இல் போனால் சக்கரத்தில் 69 கிலோவாட், 40இல் போனால் 31 கிலோவாட். வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது சூட்டை எவ்வளவு குறைக்கிறது என்று இதிலிருந்தே தெரியும். வேகமாக ஏறி முடித்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே எதிராகவே வேலை செய்யும்.

இப்போது கியர். உங்கள் வண்டியில் நாலாவது ஓவர்டிரைவ், மூன்றாவது நேர் விகிதம். 60இல் மூன்றாவது கியரில் இன்ஜின் 1,800 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சுற்றில் 55 கிலோவாட் வேண்டுமென்றால் 290 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவை. இந்த இன்ஜினின் உச்சமே 240 சொச்சம், அதுவும் 4,000 சுற்றை நெருங்கும்போதுதான். இல்லாத விசையை எங்கிருந்து தரும்? டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் ஆட்டோ கியரையும் எண்ணெய் மூலம் இணைக்கும் பாகம்) பூட்டு விட்டு வழுக்கும், இன்ஜின் சுற்று ஏறும், அந்த வழுக்கல் முழுக்க கியர் எண்ணெயில் சூடாக மாறும். அந்த எண்ணெயை ஆற்றுவதும் உங்கள் ரேடியேட்டரின் அடித்தொட்டிதான். கியர்பாக்ஸின் சூடும் அதே தண்ணீரில்தான் வந்து சேர்கிறது.

நெம்புகோலை 2இல் வையுங்கள். 60இல் சுமார் 2,800 சுற்று வரும். 190 நியூட்டன் மீட்டர் இருந்தால் போதும், இன்ஜின் திணறாது, கன்வர்ட்டரின் வழுக்கலும் குறையும். வாட்டர் பம்பும் ஃபேனும் இன்ஜின் சுற்றோடு சேர்ந்தே ஓடுவதால் தண்ணீர் ஓட்டமும் காற்றும் ஒன்றரை மடங்கு கூடும். இன்ஜின் கத்துகிறதே என்று பயப்பட வேண்டாம். 1,800 சுற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிப்பதுதான் அதற்குக் கொடுமை.

ஏர்கான்: ரேடியேட்டரின் ஆற்றும் திறன் தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 95, வெளிக்காற்று 35 என்றால் வித்தியாசம் 60. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஏர்கான் கண்டென்சர் அந்தக் காற்றை முன்கூட்டியே 10 டிகிரி சூடாக்கினால் வித்தியாசம் 50. ஆறில் ஒரு பங்கு திறன் அங்கேயே போய்விட்டது, கம்ப்ரசர் இழுக்கும் சக்தி தனி. ஏற்றம் தொடங்கும் முன்பே அணைத்துவிடுங்கள். இதே கணக்கில், விடியற்காலை 25 டிகிரியில் ஈப்போவைத் தாண்டினால் வித்தியாசம் 70. ஒரு காசு செலவில்லாமல் ரேடியேட்டர் ஆறில் ஒரு பங்கு பெரிதான மாதிரி.

ஆஸ்திரேலியக்காரர்கள் எழுதும் 'ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடு' என்ற அறிவுரை இங்கே பலருக்குப் பயன்படாது. வெப்ப நாடுகளுக்கு வந்த பல வண்டிகளில் ஹீட்டரே கிடையாது, குமிழை எவ்வளவு திருப்பினாலும் வருவது குளிர் குறைந்த காற்றுதான். டாஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு சிறிய தண்ணீர் ஹோஸ்கள் சுவரைத் துளைத்துப் போகின்றனவா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். இருந்தால் ஹீட்டர் உண்டு, அவசரத்தில் உதவும்.

பெட்ரோல் இதற்குக் காரணமில்லை. எல்லை தாண்டியபின் சிங்கப்பூர் வண்டிக்கு 97 ஆக்டேனோ அதற்கு மேலோதான் போட முடியும், இந்த இன்ஜினுக்கு அது தேவைக்கு மேலேயே.


ஸ்லிப்வே சுப்பு எழுதியது:

எப்போது நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு மட்டும் பதில்.

ஓபிடியில் 100 வரை கவலை வேண்டாம். 105 வந்தால் ஏர்கான் அணைந்திருக்க வேண்டும், வேகம் 10, 15 கி.மீ. குறைய வேண்டும், கியர் ஒன்று கீழே இறங்க வேண்டும். 110இல் இடது தடத்தில் 40க்கு வாருங்கள், அபாய விளக்குகளைப் போடுங்கள். 115 தாண்டினால் ஒதுங்கியே ஆக வேண்டும்.

மெனோராவில் அவசரத் தடத்தில் ட்ரெய்லரோடு நிற்பது ஆபத்து, பின்னால் வரும் பார லாரிகளுக்கு அங்கே பிரேக் போட இடமில்லை. சுரங்கம் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்து, வெப்பமும் 110க்குள் என்றால் மெதுவாக ஊர்ந்து தாண்டிவிடுங்கள். இறக்கம் உங்களுக்காக ஆற்றும். நிற்க வேண்டி வந்தால் நேரான, அகலமான இடமாகப் பாருங்கள். ட்ரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடாமல் கீழே இறங்காதீர்கள்.

நின்றவுடன் சாவியைத் திருப்பி அணைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. ஆவி வரவில்லை, தண்ணீர் ஒழுகவில்லை என்றால் அப்படிச் செய்யாதீர்கள். அணைத்ததும் பம்பும் நிற்கும், ஃபேனும் நிற்கும். சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு அசையாமல் நிற்கும் தண்ணீரில் இறங்கி, அங்கங்கே கொதிக்க வைக்கும். கியரை பார்க்கில் போட்டு, 1,500 சுற்றில் பிடித்து, பானெட்டைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் 100க்குக் கீழே வர வேண்டும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, ஆவியோ ஒழுக்கோ தெரிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். அப்போது உள்ளே தண்ணீர் இல்லை, ஓட்டுவது ஹெட்டைக் கெடுக்கும். இந்த இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். ஹெட் வளைவதும் கேஸ்கெட் போவதும் அதனால்தான்.

ரேடியேட்டர் மூடியை 45 நிமிடமாவது தொடக் கூடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடியின் அழுத்தத்தில் அது 125க்கு மேல் தள்ளிப்போகிறது. 115 டிகிரியில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போன அந்த நொடியே முழுவதும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு தண்ணீர் சேர்ப்பதானால் இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கிரிக் தாண்டினால் ஜெலி வரை ஒர்க்ஷாப், பெட்ரோல் நிலையம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். பல இடங்களில் போனும் எடுக்காது, யானை நடமாடும் காடு, ராத்திரியில் நிற்கக் கூடாத பாதை. வண்டியில் 5 லிட்டர் தண்ணீர், 2 லிட்டர் கூலன்ட், மேல் ஹோஸ் ஒன்று, கிளாம்ப் இரண்டு, ஃபேன் பெல்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெய்லரையும் கவனியுங்கள். 1,150 கிலோதான், ஆனால் ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் இன்ஜினுக்கு அது 2,000 கிலோ மாதிரி. படகை இறக்கும்போது சூடான சக்கர ஹப் (பேரிங் இருக்கும் நடுப்பகுதி) குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பேரிங் துருப்பிடிப்பது அப்படித்தான். தாப்பா ஓய்வுத்தளத்தில் நின்றதும் இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றொன்று வெதுவெதுப்பாக இருந்தால் சுடும் பக்கத்தைக் கழற்றிப் பார்க்காமல் மலை ஏற வேண்டாம். இறக்கத்திலும் கியரை 2இல் விட்டு இன்ஜின் பிரேக்கில் வாருங்கள்.


தோமான் தூண்டில் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சோதித்ததில் கிடைத்தவை இவை.

சூட்டோடு நிறுத்திச் சுண்டினால் ஃபேன் ஐந்து சுற்று ஓடுகிறது. ஸ்பிரிங்கைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்க் கறை. காலையில் அந்த இரைச்சல் இல்லை. அட்டைச் சோதனையில் 104 வரை சத்தம் மாறவே இல்லை. தெர்மோஸ்டாட் 82இல் திறக்கத் தொடங்கியது, 95இல் 9 மில்லிமீட்டர். ட்ரெய்லர் ஹப் இரண்டும் ஒரே சூடு. ஹீட்டர் ஹோஸ் இல்லை.

இரண்டு கேள்வி. கிளட்ச்சில் சிலிகான் எண்ணெய் மட்டும் நிரப்பினால் போதுமா, புதிதாகவே மாற்ற வேண்டுமா? கிளட்ச் மாற்றும்போது ரேடியேட்டரையும் பார்த்துவிடலாமா?


காக்கி புக்கிட் ஸ்பேனர் எழுதியது:

அப்படியானால் கிளட்ச்தான், சந்தேகமே இல்லை.

எண்ணெய் நிரப்பலாம், 10,000 பிசுக்கு எண் உள்ள சிலிகான் எண்ணெயைப் போடுவார்கள். ஆனால் உங்களுடையதில் சீல் வழியாக ஒழுகியிருக்கிறது. நிரப்பினாலும் மறுபடி ஒழுகும், அது எப்போது என்று முன்கூட்டித் தெரியாது. காட்டுப் பாதையில் படகு இழுக்கும் வண்டிக்குப் புதியதே போடுங்கள். ஐசின் நிறுவனத்தது நல்லது. மலிவாகக் கிடைக்கும் சிலவற்றில் ஸ்பிரிங் தாமதமாகத் திறக்கும், பார்க்க ஒன்று போலவே இருக்கும். வாங்கியதும் படுக்க வைக்காதீர்கள், வண்டியில் நிற்கிற மாதிரியே நிறுத்தி வையுங்கள். படுத்துக் கிடந்தால் உள்ளே எண்ணெய் இடம் மாறி ஒழுகவும் செய்யும்.

கழற்றும் வரிசை முக்கியம். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே கிளட்ச்சைப் பம்ப் புல்லியோடு பிடித்திருக்கும் நாலு நட்டையும் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டை முதலில் எடுத்தால் புல்லி கூடவே சுற்றும், நட்டு அசையாது. பிறகு ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு) போல்ட்களைக் கழற்றி, பெல்ட்டை விட்டுவிட்டு, ஃபேனையும் ஷ்ரவுடையும் சேர்த்து மேலே தூக்குங்கள். ரேடியேட்டரின் பின்பக்கம் ஒரு தடித்த அட்டையை முன்கூட்டியே செருகிவிடுங்கள், இறகின் முனை ஒருமுறை உரசினால் போதும், குழாய் கிழியும். ஃபேன் கையில் வந்ததும் இறகுகளின் அடியில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பம்ப் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அடியில் உள்ள சிறு துளையில் இளஞ்சிவப்புப் பொருக்கு இருந்தால் பம்பும் ஒழுகத் தொடங்கிவிட்டது. எல்லாம் திறந்திருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

ஷ்ரவுடைத் திரும்பப் போட மறக்காதீர்கள், கீழ்ப்பகுதி கிளிப் உடைந்திருந்தாலும் சரி செய்யுங்கள். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கவாட்டிலிருந்து இழுத்து அங்கேயே சுழற்றிக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டரைப் பார்க்க இதுவே சரியான நேரம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். லாலாங் புல்லின் பஞ்சு, பூச்சி, மண் எல்லாம் அங்கேதான் மெத்தை மாதிரி படியும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணத் தோட்டக் குழாயில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகளை மடக்கி அடைத்துவிடும்.

உள்ளே அடைப்பு உண்டா என்பதற்கு அகச்சிவப்பு வெப்பமானி போதும். இன்ஜின் நல்ல சூட்டில் ஓடும்போது ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்து வாருங்கள். வெப்பம் மேலிருந்து கீழே சீராகக் குறைந்து வந்தால் நல்லது. நடுவில் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. இன்னொன்று: ஏற்றத்தில் இன்ஜின் 108இல் இருக்கும்போது கீழ் ஹோஸும் கிட்டத்தட்ட அதே சூடு என்றால் காற்று போதவில்லை. கீழ் ஹோஸ் ரொம்பக் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை.

அடைப்பு இருந்தால் கம்பெனி அளவிலேயே புதிய ரேடியேட்டர் போடுங்கள். மூன்று வரிசை வேண்டாம். தடித்த கோர் காற்றுக்குத் தடை, வேகமாகப் போகும்போது பரவாயில்லை, 50இல் ஏறும்போது உள்ளே நுழையும் காற்றே குறையும். மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் அடைப்பு இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், அடுத்து வெடிப்பது அதுதான்.

கூலன்ட்: டொயோட்டாவின் இளஞ்சிவப்பு, பாதிக்குப் பாதி கலந்தே வரும், மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். பச்சையோடு கலக்காதீர்கள். முதல் மாற்றம் 160,000 கி.மீ., பிறகு ஒவ்வொரு 80,000க்கும். உங்கள் வண்டி 168,000, மாற்றியதாக ரசீது இல்லையென்றால் இப்போதே மாற்றுங்கள். நிரப்பும்போது முன்சக்கரங்களைக் கொஞ்சம் மேட்டில் ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஐடிலில் விடுங்கள். குமிழி நின்ற பிறகு மூடி, மறுநாள் காலை குளிர்ந்தபின் மறுபடி மட்டம் பாருங்கள். கூடவே மூடியையும் மாற்றுங்கள், பழைய மூடியில் அச்சிட்டிருக்கும் அதே அழுத்த எண்ணே இருக்க வேண்டும்.


வெப்பக்கணக்கு எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தண்ணீர் பிரச்சினை தீர்ந்தாலும் கியர் எண்ணெயைப் பார்க்காமல் விட வேண்டாம். ஓபிடியில் டொயோட்டாவுக்கென்று தனியாக உள்ள அளவுகளைச் சேர்த்தால் அதன் வெப்பமும் தெரியும். 80லிருந்து 95 வரை சாதாரணம். ஏற்றத்தில் சிறிது நேரம் 110 வந்து போனால் பொறுக்கலாம், 120 தாண்டினால் எண்ணெய் வேகமாகக் கெடும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்.

2இல் ஏறியும் 115ஐத் தாண்டுகிறது என்றால் தனி எண்ணெய்க் கூலர் போடுங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: கியர்பாக்ஸிலிருந்து வரும் சூடான எண்ணெய் முதலில் ரேடியேட்டர் அடித்தொட்டி, பிறகு புதிய கூலர், பிறகு கியர்பாக்ஸ். அடித்தொட்டியைத் தவிர்த்துவிட்டு நேராக இணைக்கச் சொல்வார்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய காற்றுக் கூலர் சூட்டை எடுக்காது. கூலரைக் கண்டென்சரின் முழு முகத்தையும் மறைக்காமல் ஒரு ஓரமாகப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் இப்போது சரி செய்த காற்றை நாமே அடைத்த மாதிரி ஆகிவிடும். ஹோஸ் கியர் எண்ணெய்க்கு உரியதாக இருக்க வேண்டும், பெட்ரோல் ஹோஸ் சூட்டில் பிளந்துவிடும். போட்டபின் எண்ணெய் மட்டம் குறையும், கூலர் கொள்ளும் அளவுக்குச் சேர்த்து, சூட்டில் டிப்ஸ்டிக்கில் பாருங்கள்.

கிளட்ச் மாற்றியதும் அதே அட்டைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். 95ஐ ஒட்டி இரைச்சல் கிளம்பி, வெப்பம் ஏறுவது மட்டுப்பட வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்த முறை மெனோராவில் ஏர்கான் அணைத்து, 2இல், 55இல் ஏறி, சுரங்க வாயிலில் ஓபிடி காட்டும் எண்ணையும் வெளிக்காற்று வெப்பத்தையும் குறித்து இங்கே போடுங்கள். வெளிக்காற்று 33இல் தண்ணீர் 102க்குள் நின்றால் ரேடியேட்டருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.